சங்கதியும் கருத்து வரைபடமும்: வ்யாக்யாநம் பயில்வார்க்கு ஒரு துணை

திருவாய்மொழிக்கு நம் ஆசார்யர்கள் அருளிய ஐந்து வ்யாக்யாநங்களுள் ஈடு முப்பத்தாறாயிரப்படியைத் தொடர்ந்து பயில்வார் பலரிடம் ஒரு குறை காணப்படுகிறது. இன்ன பாசுரத்துக்குப் பொருள் யாது என்று வினவினால் உரைப்பர், பதவுரை தவறாது, ஐதிஹ்யங்களும் நினைவில் நிற்கும். ஆனால் இந்தத் திருவாய்மொழிக்குப் பின் அந்தத் திருவாய்மொழி ஏன் வந்தது என்று கேட்டால் சற்றுத் திகைப்பர். ஆசார்யன் திருவடிகளில் இருந்து முறையாகக் காலக்ஷேபம் கேட்டவர்க்கு இத்திகைப்பு நேர்வதில்லை. அச்சிட்ட புத்தகத்தையே பெரும்பாலும் பற்றுக்கோடாகக் கொண்டு வாசிப்பவர்க்கு நேர்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி முதலான ஊர்களில் இருந்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ மதுரைக்கோ அரங்கத்துக்கோ எப்போதாவது சென்று சில நாள் கேட்டு, எஞ்சிய நாளெல்லாம் தனித்து வாசிக்கும் அடியேனைப் போன்றவர்க்கு இது நன்கு தெரியும்.

இக்குறைக்குத் துணையாகும் ஒரு பயிற்சி முறையை இங்கு எடுத்துரைக்க விழைகிறேன். இக்காலக் கல்வியாளர் இதனைக் கருத்து வரைபடம் என்பர். பெயர் புதிது. இதன் உயிர்நிலையான செய்தியோ நம் வ்யாக்யாதாக்கள் ஒவ்வொரு திருவாய்மொழியின் ப்ரவேசத்திலும் செய்து காட்டியதே.

1972 அளவில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவக் என்பாரும் அவருடைய மாணாக்கரும் பள்ளிச் சிறார் அறிவியற் கருத்துகளை எவ்வாறு உட்கொள்கின்றனர் என்று பன்னிரண்டாண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்தனர். சிறாருடன் உரையாடித் தொகுத்தவை மலைபோற் குவிந்தன. அவற்றுள் ஒரு சிறுவனின் அறிவு எவ்வாறு மாறி வந்தது என்பதைச் சுருங்கக் காண்பதற்காக அவர்கள் கண்ட வழியே கருத்து வரைபடம். ஒரு தாளில் கருத்துகளைக் கட்டங்களாக எழுதி, இரு கட்டங்களுக்கு இடையே கோடு இழுத்து, அக்கோட்டின்மேல் ஓர் இணைப்புச் சொல்லை எழுதுவர். கட்டம், கோட்டின் சொல், கட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஒரு முழு வாக்கியம் ஆகவேண்டும். ஆராய்ச்சிக் கருவியாகத் தொடங்கியது பின்னர் மாணாக்கர் தாமே வரையும் பயிற்சியாக வளர்ந்தது. நோவக்கும் கோவின் என்பாரும் 1984இல் வெளியிட்ட நூலால் உலகெங்கும் பரவிற்று.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படைப்பாற்றல் கல்வி முறை வந்தபோது மனவரைபடம் என ஒன்றைப் பிள்ளைகள் வரைந்தது பலர்க்கு நினைவிருக்கும். அது வேறு. அதில் நடுவே ஒரு சொல்லை எழுதிச் சுற்றிலும் கிளைகளை விரிப்பர். கிளைமேல் உறவுச் சொல் எழுதவேண்டும் என்னும் நியதி இல்லை. இங்கு நாம் கருதுவது கோட்டின்மேல் சொல் எழுதியே தீரவேண்டிய வரைபடம். இவ்வேறுபாட்டைச் சிறிதென்று கொள்ளலாகாது.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். குண்டாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய இந்நிலத்தில் ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால், அம்மறுகால் நீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்தாகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. வரத்துக்கால் தூர்ந்துபோனால், மேலூரில் கண்மாய் ததும்பி நிற்கும்போதே கீழூரில் கண்மாய் வெடித்துக் கிடக்கும். கண்மாய்கள் எத்தனை என்று எண்ணித் தெரிந்துகொண்டவனை ஊரார் விவரமறிந்தவன் என்று சொல்லமாட்டார். எந்தக் கலுங்கு எந்த வரத்துக்கு ஊட்டுகிறது என்று அறிந்தவனையே அவ்வாறு சொல்வர். பாசுரப்பொருள் கண்மாய், சங்கதி வரத்துக்கால்.

நம் ஸம்ப்ரதாயத்தில் தொகுத்துக் காணும் முயற்சிகள் குறைவல்ல. ஸ்வாமி தேசிகன் த்ரமிடோபநிஷத் தாத்பர்ய ரத்நாவளியில் பாட்டுத்தோறும் விளங்கும் திருக்குணத்தை எடுத்துக் கோத்தருளினார். வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயர் பன்னீராயிரப்படி அருளியதோடு அமையாமல், த்ரமிடோபநிஷத் ஸங்கதி என்று தொடர்பையே பொருளாகக் கொண்ட நூலையும் அருளினார். அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசார்ய ஹ்ருதயம் 234 சூர்ணைகளில் ஆழ்வாரின் திருவுள்ளத்தை வகுத்துக் காட்டுகிறது. மூன்றாம் ப்ரகரணத்தில் திவ்யதேசங்களைத் திருக்குணங்களோடு இணைக்கிறது. நான்காம் ப்ரகரணத்தில் பத்துப் பத்துகளுக்கும் பத்துக் குணங்களைக் காட்டி, பரத்வத்தில் தொடங்கி ஆர்த்திஹரத்வத்தில் முடிக்கிறது. திருமோகூர் எம்பெருமானை வழித்துணை என்னும் குணத்தோடு சேர்த்து நினைக்கும் வழக்கம் நமக்கு வந்த வழி இதுவே.

மணவாளமாமுனிகளின் திருவாய்மொழி நூற்றந்தாதி இவ்வரிசையில் தனித்த இடம் உடையது. ஒவ்வொரு திருவாய்மொழியின் திரண்ட பொருளையும் ஒவ்வொரு வெண்பாவில் அடக்கி, நூறும் அந்தாதியாகத் தொடுத்தருளினார். குருபரம்பரை நூல்களின்படி, ஆழ்வார்திருநகரியில் அவதரித்த அவர், தம் மாதாமஹர் வாழ்ந்த சிக்கில் கிடாரத்தில் வளர்ந்து, தந்தையாரிடமே உபயவேதாந்தமும் கற்றார். அவ்வூர் குண்டாற்றின் கீழ்ப்பகுதியில், எங்களுக்குத் தென்கிழக்கே உள்ள அதே வறண்ட சீமை. 1985 வரை எங்கள் ஊர்களும் இராமநாதபுரம் மாவட்டமே. ஈடு என்னும் பெருங்கடலை நூறு வெண்பாவுக்குள் கொணர்ந்தவர் நீர் அரிதான இந்நிலத்தில் வளர்ந்தார் என்பதை எங்கள் பக்கத்தார் சற்றுப் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்வதுண்டு. அது நிற்க.

அந்தாதித் தொடர்ச்சியும் சங்கதியும் ஒன்றல்ல. அந்தாதி ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் சொல்லால் பிணைக்கிறது. மறவாமைக்கு அதனினும் சிறந்த கருவி இல்லை. சங்கதி பொருளால் பிணைக்கிறது. அந்தாதி ஒரே திசையில் செல்லும் நூல். பொருள் தொடர்போ முன்னும் பின்னும் குறுக்கும் செல்லும். குறுக்கே செல்வதைத் தாளில் வரைந்தால்தான் கண்ணுக்குப் புலனாகும். வரைபடத்தால் நமக்குக் கிடைக்கும் புதிய லாபம் இதுவே.

அர்த்தபஞ்சகத்தில் ஒரு சோதனை

பிள்ளைலோகாசார்யரின் அர்த்தபஞ்சகம் இப்பயிற்சியைத் தொடங்குவார்க்கு ஏற்றது. ஐந்து பொருள், ஒவ்வொன்றும் ஐந்தாக விரியும், ஆக இருபத்தைந்து. சேதநர் நித்யர், முக்தர், பத்தர், கேவலர், முமுக்ஷுக்கள் என ஐவகையர். ஈச்வரனின் நிலை பரம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என ஐந்து. புருஷார்த்தம் தர்மம், அர்த்தம், காமம், ஆத்மாநுபவம், பகவதநுபவம். உபாயம் கர்மம், ஜ்ஞாநம், பக்தி, ப்ரபத்தி, ஆசார்யாபிமாநம். விரோதி ஸ்வரூபவிரோதி, பரத்வவிரோதி, புருஷார்த்தவிரோதி, உபாயவிரோதி, ப்ராப்திவிரோதி. இதனை மரம்போல் வரைந்து சுவரில் ஒட்டும் வழக்கம் உண்டு. பார்வைக்கு அழகாக இருக்கும், தேர்வுக்கும் உதவும். ஆனால் அம்மரத்தில் கோடுகள் எல்லாம் "இதன் வகை இது" என்னும் ஒரே சொல்லைத்தான் சொல்கின்றன. இருபத்தைந்து கண்மாய் எண்ணியாயிற்று. ஒரு வரத்துக்காலும் தெரியவில்லை.

அம்மரத்தின்மேலேயே குறுக்குக் கோடு இழுக்கத் தொடங்கினால் நூல் பேசத் தொடங்கும். ஐந்தாம் கிளையான விரோதியைப் பாருங்கள். அதன் முதல் நான்கு பிரிவுகளும் மற்ற நான்கு கிளைகளின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஸ்வரூபவிரோதியிலிருந்து சேதநனுக்கு ஒரு கோடு. பரத்வவிரோதியிலிருந்து ஈச்வரனுக்கு ஒன்று. எஞ்சிய இரண்டும் அவ்வாறே புருஷார்த்தத்துக்கும் உபாயத்துக்கும். கோட்டின்மேல் எழுதவேண்டிய சொல் "மறைக்கிறது" என்பதோ, "பிறழ உணர்த்துகிறது" என்பதோ? தேஹத்தையே ஆத்மாவாக நினைப்பது ஒருவகைப் பிறழ்ச்சி; தேவதாந்தரங்களில் பரத்வத்தை ஏறிடுவது மற்றொருவகை. சொல்லைத் தேடும்போதே நூலின் அவ்வப்பகுதியைத் திரும்ப வாசிக்க நேரும். ஐந்தாவதான ப்ராப்திவிரோதிக்கோ எதிரே கிளை இல்லை. ப்ராரப்த சரீர ஸம்பந்தம் முதலானவை எதனைத் தடுக்கின்றன? முமுக்ஷுவிலிருந்து பகவதநுபவத்துக்குச் செல்லும் கோட்டையே தடுக்கின்றன. ஒரு கட்டத்திலிருந்து கிளம்பி மற்றொரு கோட்டின் நடுவே முட்டும் கோடு இது. ப்ராப்திவிரோதி ஏன் தனித்து எண்ணப்பட்டது என்பது அடியேனுக்குப் புலனானது இவ்வாறு வரைந்த அன்றுதான்.

கேவலர் என்னும் கட்டத்தை ஆத்மாநுபவம் என்னும் கட்டத்தோடு இணைக்காமல் விட்டால் இரண்டும் விளங்கா. அர்ச்சையையும் ப்ரபத்தியையும் இணைக்கும் கோடு ஒன்று உண்டு. அதன்மேல் "எளியார்க்கும் பற்ற வாய்த்த இடம்" என்று எழுதலாம். இதனினும் செறிந்த சொல்லை வாசகர் காணக்கூடும்.

ஒரு கோட்டின்மேல் ஒரே சொல்தான் எழுதவேண்டும் என்பதும் இல்லை. சேதநன், ஈச்வரன் என்னும் இரு கட்டங்களுக்கு இடையே உள்ள ஒரே கோட்டின்மேல் ஒன்பது உறவுகளை எழுதிக் காட்டிய நூல் நம்மிடம் உண்டு. நவவித ஸம்பந்தம் திருமந்த்ரத்தின் உறுப்புகளைக் கொண்டே பிதா புத்ர, ரக்ஷ்ய ரக்ஷக, சேஷ சேஷி, பர்த்ரு பார்யா, ஜ்ஞாத்ரு ஜ்ஞேய, ஸ்வ ஸ்வாமி, சரீர சரீரி, ஆதார ஆதேய, போக்த்ரு போக்ய ஸம்பந்தங்களை எடுத்துக் காட்டுகிறது. கட்டம் இரண்டே, விசேஷமெல்லாம் கோட்டில்.

கோட்டுச் சொல் தவறினால்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இணைப்புச் சொல் பிழைத்தால் சித்தாந்தமே பிழைத்துவிடும்.

முதன்முதல் அடியேன் வரைந்த படத்தில் ப்ரபத்தி என்னும் கட்டத்திலிருந்து மோக்ஷம் என்னும் கட்டத்துக்குக் கோடு இழுத்து, "தருகிறது" என்று எழுதியிருந்தேன். காலக்ஷேபம் நன்கு கேட்ட பெரியவர் ஒருவரிடம் அதனைக் காட்டினேன். அவர் வேறொன்றும் சொல்லாமல், "தருகிறவன் எங்கே?" என்று மட்டும் கேட்டார். தாளில் ஈச்வரன் மேல் மூலையில் இருந்தான். அவனிடமிருந்து மோக்ஷத்துக்கு ஒரு கோடும் இல்லை. எம்பெருமானே உபாயம், ப்ரபத்தி அவனுடைய ரக்ஷணத்தை விலக்காமையாய், அதிகாரிக்கு விசேஷணமாய் நிற்பது என்று ஸ்ரீவசநபூஷணமும் முமுக்ஷுப்படியும் வற்புறுத்துவதைப் பலகால் வாசித்தவன்தான் அடியேன். வாசித்தது உள்ளே எவ்வாறு கிடந்தது என்பதைத் தாள் காட்டிக்கொடுத்துவிட்டது. உரையாக எழுதியிருந்தால் நூலின் சொற்றொடர்களையே திரும்ப எழுதி, அப்பிழையை மறைத்திருப்பேன்.

ஸ்வாமி தேசிகனின் வழியில் நிற்பவர் இதே இடத்தில் ஈச்வரனை ஸித்தோபாயம் என்றும், ப்ரபத்தியை ஸாத்யோபாயம் என்றும் பிரித்து, ப்ரபத்தியிலிருந்து ஈச்வரனுக்குச் செல்லும் கோட்டின்மேல் வ்யாஜம் என்று எழுதுவர். இருதிறத்தாரும் ஒரே கட்டங்களைத்தான் கொள்கின்றனர். பதினெட்டு பேதங்கள் என்று வழங்குபவற்றுள் பல, கட்டங்களைப் பற்றியன அல்ல, கோட்டுச் சொற்களைப் பற்றியனவே என்பது இவ்வாறு வரைந்து பார்ப்பவர்க்குத் தெளிவாகும். பூசலுக்குப் போகுமுன் இருவரும் தத்தம் படத்தை வரைந்து வைத்துக்கொண்டு பேசுவது நன்று என்பது அடியேனின் கருத்து.

புருஷகாரம் மற்றோர் எடுத்துக்காட்டு. பிராட்டியைப் படத்தில் எங்கே வைப்பது? சேதநனுக்கும் ஈச்வரனுக்கும் நடுவே ஒரு கட்டமாக வைத்தால் இருபக்கமும் கோடு செல்லும். இருவரையும் உபதேசத்தாலே திருத்துகிறாள். அதற்கு மீளாதபோது சேதநனை அருளாலும் ஈச்வரனை அழகாலும் திருத்துகிறாள் என்னும் ஸ்ரீவசநபூஷணப் பொருளை நினைத்தால், ஒரு கோட்டின்மேல் அருள் என்றும் மற்றதன்மேல் அழகு என்றும் எழுதலாம். இவ்விரண்டு சொற்களையும் இடம் மாற்றி எழுதிப் பாருங்கள், பொருள் நில்லாது. அவ்வளவு நுட்பமாக அங்கே சொல் வைக்கப்பட்டுள்ளது.

ஒரே நூலுக்கு ஒரே படம்தான் இருக்கவேண்டும் என்ற நியதியும் இல்லை. ஸ்ரீவசநபூஷணத்துக்கு வ்யாக்யாநம் அருளிய மாமுனிகள், அந்நூலை ஆறு ப்ரகரணமாகப் பகுக்கும் முறையையும் ஒன்பது ப்ரகரணமாகப் பகுக்கும் முறையையும் அவதாரிகையிலேயே எடுத்துக் காட்டியருளினார். ஒன்றை மெய்யென்றும் மற்றதைப் பொய்யென்றும் தள்ளவில்லை. எந்த வினாவோடு நூலை அணுகுகிறோமோ அதற்கேற்பப் படம் அமையும்.

முதற்பத்தை வரைதல்

இனித் திருவாய்மொழியின் முதற்பத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு வினாவைத் தாளின் தலையில் எழுதவேண்டும். வினா இல்லாத படம் பெயர்ப்பட்டியலாகிவிடும். "பரத்வத்தை அநுபவித்த ஆழ்வார் நிர்ஹேதுக க்ருபையில் வந்து நிற்பது எப்படி?" என்று வைத்துக்கொள்வோம். பிறகு கருத்துகளைச் சிறு சீட்டுகளில் எழுதித் தரையில் பரப்பவேண்டும். 15 முதல் 25 வரை போதும். சீட்டு என்றால் இடம் மாற்றலாம்; தாளில் எழுதிவிட்டால் மாற்ற மனம் வராது.

பத்துத் திருவாய்மொழிகளுக்கும் பத்துச் சீட்டு: பரத்வம், பஜநீயத்வம், ஸௌலப்யம், அபராதஸஹத்வம், ஸௌசீல்யம், ஸ்வாராததை, ஸாரஸ்யம், ஆர்ஜவம், ஸாத்ம்யபோகப்ரதத்வம், நிர்ஹேதுக உபகாரம். இத்தனையும் எம்பெருமானின் குணங்கள் பக்கம். ஆழ்வாரின் நிலைகளுக்கும் தனிச் சீட்டு எழுதவேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகின்றனர். விட்டால் மூன்றாவதிலிருந்து நான்காவதற்குக் கோடே இழுக்கமுடியாது.

முதல் திருவாய்மொழியில் பரத்வத்தை நிலைநாட்டினார். இரண்டாவதில் தாம் பெற்ற சுவையைப் பிறரும் பெறுமாறு அவனைப் பற்றச் சொன்னார். அங்கே எழும் தடை: அத்தனை உயர்ந்தவனை நாம் எவ்வாறு பற்றுவது? ஈட்டின் ப்ரவேசம் முடவனையும் யானையையும் உவமை காட்டி இத்தடையை அகற்றுகிறது. முடவனால் யானைமேல் ஏறமுடியாது. யானையே படிந்து கொடுத்தால் ஏறலாம். ஆகவே பஜநீயத்வத்துக்கும் ஸௌலப்யத்துக்கும் இடையே உள்ள கோட்டின்மேல் "படிந்து கொடுப்பதால் கூடுகிறது" என எழுதலாம்.

மூன்றாவதிலிருந்து நான்காவதற்குச் செல்லும் வழி குணங்களின் பக்கமாக இல்லை. ஆழ்வாரின் பக்கமாகச் செல்கிறது. அவதார எளிமையில் ஈடுபட்டவர் முக்கரணங்களாலும் அநுபவிக்க ஆசைப்பட்டார். அது கைகூடாமையால் தாமான தன்மை மாறிப் பெண்ணிலை எய்தினார். பறவைகளைத் தூது விட்டார். வாராதிருக்கிறவனுக்கு எதைச் சொல்லியனுப்புவது? குற்றம் கண்டு வாராதிருந்தால், குற்றம் பொறுக்கும் குணமும் உமக்கு உண்டே என்று நினைவூட்டுவது. ஆக ஸௌலப்யத்திலிருந்து ஆசை, ஆசையிலிருந்து ஆற்றாமை, ஆற்றாமையிலிருந்து தூது, தூதிலிருந்து அபராதஸஹத்வம் என்று நான்கு கோடுகள் தேவைப்படுகின்றன. பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் இதனைச் சொன்னாலும் உடனே பற்றிக்கொள்வர். பட்டியலாகச் சொன்னாலோ "ஸௌலப்யம், அடுத்தது அபராதஸஹத்வம்" என்று ஒப்பித்துவிட்டுப் போவர்.

ஐந்தாவது இன்னும் வியப்புடையது. தூது பலித்து அவன் வந்தான். வந்தவனைக் கண்டு ஆழ்வார் அகலப் பார்க்கிறார். ஆற்றாமையால் அழைத்தவர் கிட்டியபோது ஏன் அகலவேண்டும்? அவனுடைய பெருமையையும் தம் தண்மையையும் நோக்கி, நாம் கிட்டினால் அவனுக்கு அவத்யமாகுமே என்று. அவனோ தன் சீலத்தைக் காட்டிச் சேர்த்துக்கொள்கிறான். இங்கே ஒரு குறுக்குக் கோடு தானாகவே எழுகிறது. ஆழ்வாரை அகலச் செய்தது முதல் திருவாய்மொழியின் பரத்வமே அல்லவா! முதற்கட்டத்திலிருந்து ஐந்தாம் கட்டத்துக்கு நேரே ஒரு கோடு இழுத்து, "தண்மையை நினைப்பூட்டி அகற்றுகிறது" என்றும், ஸௌசீல்யத்திலிருந்து ஆழ்வாருக்கு ஒரு கோடு இழுத்து, "அகன்றவரைச் சேர்க்கிறது" என்றும் எழுதலாம். பரத்வம் ஆராதித்தற்குரிய குணமாக இருந்துகொண்டே அகலுகைக்கும் காரணமாகிறது. வரிசையாக வாசிக்கும்போது நான்கு திருவாய்மொழிக்கு முன் வந்ததாய்க் கிடந்த கருத்து, படத்தில் எதிரே வந்து நிற்கிறது.

ஆறு, ஏழு, எட்டு ஆகியவற்றில் தொடர்பு எளிது. கலந்தவனை ஆராதிப்பது அருந்தேட்டமோ என்னில், எளிது. எளிதாயிருந்தும் சுவையற்றதோ என்னில், இனிது. செவ்வையில்லாத ஸம்ஸாரிகளோடு எவ்வாறு பரிமாறுவான் என்னில், தான் செவ்வையனாய்ப் பரிமாறுவான். ஒன்பதாவதில் தன்னை ஒருங்கே தந்தால் ஆழ்வார் தாங்கார் என்று பொறுக்கப் பொறுக்கத் தருகிறான். பத்தாவதில், இத்தனைக்கும் நம் பக்கல் என்ன கைம்முதல் இருந்தது என்று ஆராய்ந்து, ஒன்றும் காணாமல், நிர்ஹேதுகம் என்று தலைக்கட்டுகிறார். முதல் திருவாய்மொழியின் முதற்பாட்டிலேயே அருளினான் என்று சொல்லிவைத்ததற்கு இங்கிருந்து ஒரு நீண்ட கோடு திரும்பிச் செல்லும். அதன்மேல் எழுதும் சொல்லை வாசகர்க்கே விடுகிறேன்.

வரைந்து முடித்ததும் ஒவ்வொரு கோட்டையும் வாய்விட்டு வாசிக்கவேண்டும். வாக்கியமாகாத கோட்டை அழித்துவிடலாம். "தொடர்புடையது", "சேர்ந்தது" போன்ற சொற்கள் கோட்டின்மேல் இருந்தால் நமக்கு அவ்விடம் விளங்கவில்லை என்று பொருள், புத்தகத்தைத் திறக்கவேண்டும். மறுநாள் படத்தை மடித்து வைத்துவிட்டு, நினைவிலிருந்து புதிதாக வரையவேண்டும். இது கடினம். பயன் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

நம்பிள்ளை வ்ருத்தாந்தம் இங்கு நினைக்கத்தக்கது. நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்குமாறு நம்பூர் வரதராசரிடம் தந்தார். அவர் தலையில் கட்டிக்கொண்டு காவிரியைக் கடக்கையில் ஏடு வெள்ளத்தில் போயிற்று. ஆசார்யன் ஸாதித்ததை நினைவிலிருந்தே அவர் எழுதி முடித்தார். சில இடங்களில் சிறப்பான பொருள்களும் கூடின. நஞ்சீயர் கண்டு உகந்து, அவரை நம்பிள்ளை என்று அழைத்தார் என்பர். ஏடு போயும் நூல் போகாமல் இருந்தது, பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து அவர் உள்ளத்தில் கிடந்தமையால். நமக்கு ஆற்றைக் கடக்கவேண்டிய தேவை இல்லை. தாளை மடித்துவைத்தாலே போதும்.

இம்முறையைக் குறித்து ஒரு தயக்கம் எழக்கூடும், எழவேண்டியதும் தான். ரஹஸ்யார்த்தங்களை ஆசார்யன் திருமுகத்தால் கேட்கவேண்டியிருக்க, அவற்றைக் கட்டமும் கோடுமாக எழுதுவது தகுமோ? எழுத்தில் வைப்பதைப் பற்றிய இத்தயக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. நம்பிள்ளை ஸாதித்ததை வடக்குத்திருவீதிப்பிள்ளை தாமே பட்டோலை கொண்டபோது, நியமநமின்றி எழுதியதற்காக நம்பிள்ளை அதனை வாங்கி வைத்துக்கொண்டார். ஈடு பின்னர் ஈயுண்ணி மாதவப் பெருமாள் வழியாய்ச் சிலரிடையே மட்டும் நெடுங்காலம் வழங்கியது. மாமுனிகள் காலத்தில்தான் நம்பெருமாள் ஸந்நிதியில் எல்லாரும் கேட்க வெளிவந்தது. பிள்ளைலோகாசார்யரோ ரஹஸ்யங்களை எளிய நடையில் எழுதியே வைத்தருளினார். இருதிறத்து நடத்தையும் நம் பூர்வர்களுடையதே.

அடியேனுக்குத் தோன்றுவது இது. வரைந்த படத்தை அச்சிட்டுப் பரப்பினால் தீங்கு உண்டு. பிறர் வரைந்த படத்தை மனப்பாடம் செய்பவன் சுவரிலுள்ள மரத்தை மனப்பாடம் செய்தவனுக்கு ஒப்பாவான். ஆசார்யனிடம் கேட்கவேண்டும் என்ற தாகமும் அவனுக்குக் குறையும். தானே வரைந்து, தன் அறியாமை எங்கே என்று கண்டு, அந்த இடத்தைச் சுட்டி ஆசார்யனிடம் கேட்பவனுக்கோ தாகம் மிகும். ஆண்டுக்குப் பத்து நாள் மட்டுமே காலக்ஷேபம் வாய்க்கும் எங்களைப் போன்றவர்க்கு, அப்பத்து நாளில் எதைக் கேட்பது என்று தெரிந்து செல்வதே பெரும்பேறு. முன்பெல்லாம் "இந்தத் திருவாய்மொழி விளங்கவில்லை" என்று போய் நிற்பேன். இப்போது "இந்தக் கோட்டின்மேல் என்ன எழுதுவது?" என்று கேட்க முடிகிறது.

படத்தில் ஏறாதவையும் உண்டு. பெண்பேச்சான திருவாய்மொழிகளில் ஆழ்வார் படும் ஆற்றாமையை "ஆற்றாமை" என்று சீட்டில் எழுதலாம். ஈட்டை வாசிக்கும்போது குரல் தழுதழுக்கும் இடம் அச்சீட்டில் இராது. கோஷ்டியில் நின்று பாசுரம் ஸேவிக்கும்போது படத்தை நினைப்பவர் யாரும் இரார்; நினைக்கவும் வேண்டா.

முதற்பத்தை முடித்தவர்க்கு அடுத்த இடர் உடனே காத்திருக்கிறது. நிர்ஹேதுகமாக எல்லாம் பெற்றேன் என்று நிறைவாய்த் தலைக்கட்டிய ஆழ்வார், இரண்டாம் பத்தின் தொடக்கத்திலேயே பிரிவாற்றாமையால் கண்ணுறங்காது, கண்ட பொருள்களெல்லாம் தம்மைப்போலவே வருந்துவனவாகக் கருதிப் பேசுகிறார். ஒன்று பத்துக்கும் இரண்டு ஒன்றுக்கும் இடையே கோட்டை இழுத்துவிட்டு, அதன்மேல் எழுதும் முன் ஈட்டின் அந்த ப்ரவேசத்தை இருமுறை வாசிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.